ஊதா தீர்ந்த சனிக்கிழமை

ஜெபஷீலாவை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியில் என்னைத் தெரிந்தவர்கள் நான் எல்லோரையும் கரித்துக்கொட்டுகிற ஆள் என்று நினைக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் என் வாய் கொஞ்சம் அடங்கிவிடும்.

காலேஜ் ரோட்டில் என் ஃபேன்சி ஸ்டோருக்கு அடுத்த கடை அவளுடையது. ‘ஜாஸ்பர் கூல் பார்’ என்று போர்டு தொங்கும். ஜாஸ்பர் அவள் புருஷன். போர்டில் பேர் இருக்கிறதே ஒழிய ஆளைக் கடையில் பார்க்க முடியாது. விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலையேறினான் என்றால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான். பழம் வாங்குவது, வெட்டுவது, அடிப்பது, கழுவுவது எல்லாம் அவள்தான். மேடையில் ஈ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கடைக்காரன் சொல்கிறேன், நம்பலாம்.

அவள் மயிலாடும்பாறைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி போடிக்கு வந்து, எங்கள் சபையில் சேர்ந்து, வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் சபையில் பாதிப் பேர் பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். எதையும் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், மரியாதை உட்பட. பாடகர் குழுவில் சேர்கிறேன் என்று போய் நின்றாள். குரல் சரியில்லை என்றார்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கட்டுமா என்று கேட்டாள். படிப்பு போதாது என்று சொல்லாமல் சொன்னார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தலைவி ஜான்சி அவளுக்கு ஒதுக்கியது நாற்காலி அடுக்குகிற வேலை. அதையும் ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கொரோனா ஓய்ந்து மறுபடியும் கோயிலைத் திறந்த சமயத்தில், திருவிருந்துக்கு, அதாவது ஆண்டவரின் ரத்தம் என்று ஜெபித்து நாங்கள் குடிக்கிற திராட்சரசத்தைக் காய்ச்ச ஆள் இல்லாமல் போயிற்று. அதுவரை காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாள் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். ஆயர் ஞானசிகாமணி ஆராதனையில் கேட்டார். அடுப்படி முழுக்கக் கறைபடுகிற வேலை என்று பஜார் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பின்வரிசையில் ஜெபஷீலா கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து அது அவள் வேலை ஆயிற்று.

அந்த வேலையை அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு வெள்ளைத் துணி. வேறெதற்கும் அவற்றைத் தொடமாட்டாள். கம்பத்துப் பன்னீர் திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, காம்பு நீக்கி, ஒவ்வொரு பழமாகத் திருப்பிப் பார்ப்பாள். காய்ச்சுகிற நேரத்தில் பேசமாட்டாள். நான் போய் எதாவது கேட்டால் கைஜாடைதான். வடிகட்டி ஆறவைத்துப் பெரிய கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, துணியால் சுற்றி, கடை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பாள். வீட்டு ஃபிரிட்ஜில் மீன் வைக்கிறோம், அந்த வாடை பட்டுவிடக் கூடாது என்பாள். கடையில் பழம் தவிர வேறு எதுவும் கிடையாதே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

மாதத்தின் முதல் ஞாயிறு அந்தப் பாட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் கோயிலுக்குள் வரும்போது, பஜார் அம்மாமார்கள்கூட வழிவிட்டு ஒதுங்குவார்கள். அந்தச் சில அடிகளுக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று.

இனி ஃபுட்பால் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தெரு முனையில் இருக்கிற காலேஜில் வருஷா வருஷம் கல்லூரிகளுக்கு இடையே ஃபுட்பால் போட்டி நடக்கும். இந்தப் பக்கத்து காலேஜ்களோடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்தும் இரண்டொரு அணி வரும். எங்கள் பையன்களுக்கு ஊதா பனியன். மலைக்கு அந்தப் பக்கத்து அணி ஒன்றுக்கு மஞ்சள். போட்டி நடக்கிற வாரம் முழுக்க ரோட்டில் நடக்க முடியாது. என் கடையில் ஊதா ரிப்பன் இருப்பில்லாமல் போகும்.

இந்தப் போட்டி வாரத்துக்கென்றே ஜெபஷீலா ஒரு காக்டெயில் கண்டுபிடித்தாள். கேரளா ஜூஸ் கடைகளில் பழக்கலவைக்கு அதுதான் பேர். இங்கேயும் அந்தப் பேர் பழகிவிட்டது. ஆனால் இவளுடைய சரக்கு வேறு. கண்ணாடிபோல் தெரிகிற டம்ளரில் அடியில் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாறு, அதன் மேலே ஊறவைத்த சப்ஜா விதை, அதற்கும் மேலே அன்னாசிச் சாறு. கரண்டியின் முதுகில் விட்டு அன்னாசியை மெதுவாக இறக்குவாள். கீழே ஊதா, மேலே மஞ்சள், நடுவில் கோடு கிழித்த மாதிரி சப்ஜா. ஊதா அடியில் நின்று மஞ்சளைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பதாகப் பையன்கள் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதற்கொரு சட்டமும் போட்டாள்: நம் அணி கோல் போடும்வரை கலக்கக் கூடாது. கோல் விழுந்ததும் கலக்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். காலேஜ் கம்பி வேலிக்கு வெளியே கையில் கலக்காத டம்ளரோடு ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கோல் விழாத நாளில் ஐஸ் கரைந்து தண்ணியாகிவிடும், இருந்தாலும் சட்டத்தை மீறமாட்டார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

போன சீசனில் எங்கள் பையன்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எதிரில் மஞ்சள் அணி. சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்துப் பாட்டில் வெள்ளிக்கிழமையே தயாராகி, துணி சுற்றிக் கீழ்த்தட்டில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் தங்கப்பாண்டி பழக்கடையில் இருந்த திராட்சை மொத்தத்தையும் அவள் அள்ளிக்கொண்டு வந்து காய்ச்சினாள். போதும் என்றுதான் நினைத்தாள். ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி தீர்ந்துவிட்டது. எங்கள் கோல்கீப்பர் விஜய்ராஜ் எங்கள் சபைப் பையன் என்பதால் கோயில் கூட்டமும் வந்திருந்தது. ஆயரும் வந்திருந்தார். இறையியல் கல்லூரியில் லெஃப்ட் பேக் ஆடியவர். பந்தைப் பார்த்துவிட்டால் தான் ஆயர் என்பதே அவருக்கு மறந்துபோகும். முதல் பாதியிலேயே ஒரு டம்ளர் வாங்கி, நாம் கோல் போட்டதும் முறைப்படி கலக்கிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர்களும் ஒன்று போட்டார்கள்.

இடைவேளையில் ஊதா தீர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை; என் கடையில் கூட்டம். அவள் பின்னால் சொன்னதைத்தான் சொல்கிறேன். மேடைக்கு முன்னால் ஆள் மேல் ஆள். மஞ்சள் பனியன் போட்ட மலையாளப் பையன்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே, “சேச்சி, மஞ்ஞ மாத்ரம் மதி,” என்றார்கள், மஞ்சள் மட்டும் போதுமாம். நம் பையன்கள் ஓவென்று கத்தினார்கள். ஊதா இல்லாமல் கொடுத்தால் அது எதிரணி டம்ளர். அந்த நேரம் பார்த்து ஆயர் இரண்டாவது டம்ளருக்கு வந்து நின்றார்.

“ஊதா தீந்துருச்சுங்கய்யா,” என்றாள்.

“என்னம்மா சொல்ற. ஊதா இல்லாட்டி அது அவுக தண்ணியாயிருமே. நல்லாத் தேடிப் பாரும்மா, எங்கனயாவது கொஞ்சம் கெடக்கும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவளுக்கு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு கண்ணில் பட்டது. இன்னும் ஜெபிக்காத ரசம்தானே, பீடத்துக்குப் போகும்வரை பழச்சாறுதானே, சாயங்காலம் புதுசாகக் காய்ச்சிவிடலாம் என்று மனசு நியாயம் சொன்னது. துணியைப் பிரித்தாள். அவசரத்தில் சப்ஜா ஊறிக்கொண்டிருந்த ஜாடியிலேயே பாட்டிலைக் கவிழ்த்தாள், ஒரு தடவை மொண்டால் இரண்டும் வரும் என்று. அதிலிருந்து முதல் டம்ளரை ஆயரிடம்தான் நீட்டினாள்.

“அதான பாத்தேன்,” என்று வாங்கிக்கொண்டு போனார் மனிதர்.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போயிற்று. விஜய்ராஜ் கடைசி அடியை இடதுபக்கம் பாய்ந்து தடுத்தான். ரோடு முழுக்க டம்ளரைக் கலக்கிக் குடித்தது. கலக்கினால் அது ஒன்றும் அழகான நிறம் கிடையாது, சேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு யார் அதைப் பார்த்தார்கள்.

கூட்டம் வடிந்ததும் அவள் பழக்கடைக்கு ஓடினாள். தங்கப்பாண்டி கையை விரித்தான். “காலைல நீதானக்கா மொத்தத்தையும் அள்ளிட்டுப் போன. இனி நாளைக்கு மத்தியானம்தான் லோடு வரும்.” மற்ற கடைகளிலும் இல்லை. கம்பத்துக்குப் போய் வாங்கிவரலாம் என்று ஜாஸ்பருக்குப் போன் போட்டாள். அவன் ஜீப்பில்தான் ஜெயித்த பையன்களை ஏற்றி ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்தில் அவன் போனையே எடுக்கவில்லை.

ஆயரிடம் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தாளாம். என்ன சொல்வது? நீங்கள் கேட்ட இரண்டாவது டம்ளர் அதுதான் ஐயா என்றா? அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்று வைத்துவிட்டாள். அவசரத்தில் அன்னாசிக் கரண்டியும் முங்கி எழுந்த அந்த ஜாடியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வடிகட்டலாம் என்று வெள்ளைத் துணியைத் தேடினால், யாரோ ஒரு பையன் அதை எடுத்து மேடையைத் துடைத்துப் போட்டிருந்தான். டீ வடிகட்டியை எடுத்தாள். கரண்டியால் அழுத்தி அழுத்திப் பிழிந்தாள். தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துத் திரும்பக் கொதிக்கவிட்டாள். ஊறின சப்ஜா வழுவழுவென்று இருக்கும், அழுத்தினால் கம்பிக் கண்ணுக்குள் நுழைந்து போகும் என்று தினமும் அதைக் கையாளுகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பாட்டிலை ஏந்திக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் வழிவிட்டார்கள். அன்றைக்கு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கோயிலில் எல்லோருக்கும் முந்தின நாள் வெற்றியின் மிதப்பு.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதில்லை. ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருக்கிற கிராதியருகே வரிசையாக முழங்காலில் நிற்போம். எனக்குப் பக்கத்தில் விஜய்ராஜ், அவனுக்கு அடுத்து ஜெபஷீலா. நான் குடித்தேன். அன்னாசி வாசம் மூக்கில் ஏறியது. நாக்கில் ஏதோ வழுக்கிக்கொண்டு போயிற்று. விஜய்ராஜ் குடித்தான். குடித்த மறுகணம் ஜெபஷீலா பக்கம் திரும்பிப் பார்த்து, தெரிந்த ஆளை வழியில் கண்டதுபோல் சிரித்தான். பையன்மேல் தப்பில்லை. அந்த ருசி அவனுக்கு ஜெயித்த ருசி.

அவன் சிரித்ததைப் பார்த்த பிறகு அவள் தன் கிண்ணத்தைக் குடித்தாள். அவளுக்கும் ஒரு விதை வந்தது. மென்றால் அது பழச்சாறு ஆகிவிடும், துப்பினால் அதைவிடப் பாவம், விழுங்கவும் மனசு வரவில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். ஆசீர்வாதம் முடியும்வரை, கைகுலுக்கி வெளியே வரும்வரை, வீடு போய்க் கதவைச் சாத்தும்வரை அந்த விதை அங்கேயே இருந்ததாம். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்கு அவள் வாய் திறக்கவில்லை. ரொம்பத் திமிர் வந்துவிட்டது என்று ஜான்சி என்னிடமே சொன்னாள்.

திங்கட்கிழமை பஜாரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஜவுளிக்கடை வேல்பாண்டிக்கும் எங்கள் கோயிலுக்கும் சம்பந்தமே கிடையாது. அவரே என்னிடம், “ஒங்க கோயில்ல நேத்து காக்டெயிலாமே,” என்றார். நான் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்து அனுப்பினேன். ஜெபஷீலா கடையைத் திறந்தாள், சாத்துக்குடி பிழிந்தாள், யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆயர் வந்து பேசுவார், திட்டுவார், வேலையைப் பிடுங்கிக்கொள்வார் என்று வாரம் முழுக்கக் காத்திருந்தாள். அவர் அந்தத் தெருவழியாக வரவேயில்லை. சுற்றிக்கொண்டு பெரிய ரோடு வழியாகப் போனார்.

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் வாசித்து முடித்ததும் அவள் எழுந்தாள். பின்வரிசையிலிருந்து நடந்து முன்னால் வந்து நின்றாள். மைக்கைத் தொடவில்லை.

“போன வாரம் திருவிருந்துக்கு நான் கொண்டாந்தது கடைல மிஞ்சுன சாறு,” என்றாள். “ஆண்டவருக்குன்னு காச்சி வச்சத எடுத்து மேட்ச்சுக்கு ஊத்திட்டேன். அப்பறம் மிச்சத்த வடிகட்டி இங்கன கொண்டாந்துட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். என்னைய அந்த வேலையவிட்டு எடுத்துருங்க.”

முன்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெரியவர், “விடும்மா, சப்ஜா சூட்டுக்கு நல்லதுதான்,” என்றார். கோயில் கொல்லென்று சிரித்தது. ஜான்சி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஜெயிச்சோம்ல, அது போதும்,” என்று ஒரு குரல். விஜய்ராஜ் கைதட்டினான், அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். நல்ல மனசோடு சிரித்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிரிக்காத ஆள் ஆயர் ஒருவர்தான். அவர் எழுந்து, “அந்தப் பாட்டில்ல மொத டம்ளரக் குடிச்சது நான்தான்,” என்றார். “எங்கனயாவது தேடிக் குடுன்னு கேட்டதும் நான்தான். மறுநாள் வாயில வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பேசாம நின்னேன்.” அவருடைய காது சிவந்திருந்தது. அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சபை மறுபடி சிரித்தது. கமிட்டி கூட்டம் எதுவும் வேண்டாம், வேலை அவளிடமே இருக்கட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பாட்டு எண் எழுதிய பலகையில் அடுத்த எண்ணைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஜெபஷீலா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆயரின் மனைவி வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அன்று சாயங்காலம் கடையைத் திறக்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

“அதான் எல்லாரும் விட்டுட்டாகள்ல, இன்னும் என்ன,” என்றேன்.

“திட்டியிருந்தா தாங்கியிருப்பேண்ணே.” அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “இதயே ஜான்சியக்கா செஞ்சிருந்தா சிரிச்சிருப்பாகளா? ராத்திரியோட ராத்திரியா கூட்டம் போட்டுருப்பாக. நான் செஞ்சதுக்கு சிரிக்கிறாக. ஜூஸ் கடைக்காரி கொண்டாந்தா ஜூஸாத்தான இருக்கும்னு நெனச்சிருக்காக. எனக்குன்னு குடுத்த ஒரே வேல அது. பாட்டிலத் தூக்கிட்டு வாரப்ப ஒதுங்கி நிப்பாகள்ல, அது எனக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தன வருசமும்.”

ஷட்டரை விட்டு நகர்ந்து என் கடைக்கு வந்துவிட்டேன்.

வேலையை அவள் விடவில்லை. விடப் பார்த்தாள், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் காய்ச்சுகிறேன் என்று ஜான்சிகூட முன்வரவில்லை, கறைபடும் அல்லவா. புதுத் துணி வாங்கினாள். நாலாக மடித்து வடிகட்டுகிறாள். வடிகட்டியதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் உயர்த்திப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். என் கடையிலிருந்து பார்த்தால் கையும் ஊதா வெளிச்சமும் தெரியும். பாட்டில் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறது. அதற்காக மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஜாஸ்பர் குறைபட்டுக்கொள்கிறான்.

இந்தச் சீசனும் வந்தது. பையன்கள் வந்து கேட்டார்கள். ஊதாவும் மஞ்சளும் உண்டு, நடுவில் கோடு கிடையாது. “சப்ஜா இல்லையாக்கா?” என்று கேட்டால், “இல்லப்பா,” என்பதோடு சரி. இந்த முறை கால் இறுதியிலேயே தோற்றுவிட்டோம். ஆயர் ஆட்டம் பார்க்க வந்தார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு நின்றார்.

போன முதல் ஞாயிறு கோயிலில் ஒன்றைக் கவனித்தேன். பாட்டிலைப் பீடத்தில் வைத்துவிட்டு அவள் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். வரிசை வரிசையாக ஆட்கள் போனார்கள், வந்தார்கள். கிராதி காலியாகி, இனி ஆளில்லை என்று ஆயர் திரும்பப் போகிற சமயத்தில்தான் எழுந்து போனாள். தனியாக முழங்காலில் நின்றாள். ஆயர் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து அடியில் இருந்ததை அவள் கிண்ணத்தில் ஊற்றினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “அது என்ன புதுப்பழக்கம், கடைசியாப் போற?”

“விதை எதும் தப்பி இருந்தா அடியிலதான தங்கும்,” என்றாள். “அது எனக்கே வரட்டும்ணே.”